அரை நிமிஷ அழுகை

தேவகிருபை ஒரே நாளில் நாற்பத்தொரு விதமாக அழுதிருக்கிறாள். விழுந்த அழுகை, திருடி மாட்டிக்கொண்ட அழுகை, பசி அழுகை, அம்மா வரத் தாமதமான அழுகை, கடைசியாக, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாகக் கசிந்துவிடும் அழுகை. சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவு அறை. ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் அணைத்திருந்தார்கள். வியர்வை வழிய, குதிகாலை உயர்த்தி நின்றபடி, அவள் எட்டு வயதுப் பையனாக அழுதாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்துநான்கு.

கார்ட்டூன் பையன்களுக்குப் பெண்கள்தான் குரல் கொடுக்கிறார்கள் என்பது பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. பையனையே பேசவைத்தால் இரண்டு வருஷத்தில் குரல் உடைந்துவிடும். பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு வசதிக்காகவே இந்த ஊரின் வீரதீரச் சிறுவர்கள் அத்தனை பேரும் சேலையிலும் சுடிதாரிலும் வேலைக்கு வந்துபோனார்கள்.

அந்த நாற்பத்தொன்றும் 'பாறை பாண்டி'க்காக. பாண்டி கல்குவாரி ஊர்ச் சிறுவன். கையை மடக்கிக் குத்தினால் பாறை பிளக்கும். அவனோடு எப்போதும் சோழி என்று ஓர் ஆட்டுக்குட்டி திரியும். நான்காம் கதையில் சோழி குவாரிக் குழியில் விழுந்து செத்துப்போகும். மலையைப் பிளக்கிற பையன் ஓர் ஆட்டைப் பிழைக்கவைக்க முடியாமல் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அரை நிமிஷம் அழுவான். கதையில் உயிர் இருந்தது என்றால் அந்த அரை நிமிஷத்தில்தான் இருந்தது.

அதை அவள் தன் தம்பியிடமிருந்து எடுத்தாள். அப்பா இறந்த அன்று ஒன்பது வயது ஜெபசிங்கிடம் மாமாக்கள் ஒவ்வொருவராக வந்து, "இனிமே நீதான்டே வீட்டுக்கு ஆம்பள, அழப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் அழவில்லை. அன்று மட்டுமல்ல, அதன்பிறகும் அழவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான், அங்கே மழை உண்டா என்று கேட்பான், வைத்துவிடுவான். அவன் அன்று விழுங்கியதை அவள் மைக் முன்னால் அழுதாள்.

அந்தப் பதிவுக்குப் பிறகு பாண்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கு அவள் தேவைப்படவில்லை. குரலின் துண்டுகள் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. எந்த வசனம் வேண்டுமோ அதை இயந்திரமே அவள் குரலில் கோத்துக்கொள்ளும். பாண்டியின் கதையும் அப்போதிலிருந்து எல்லா வீட்டிலும் ஒன்றாக இல்லை. டிவியின் தலையில் உட்கார்ந்திருக்கிற கேமரா குழந்தையின் முகத்தைப் பார்க்கும். முகம் மலர்ந்த இடம் அடுத்த கதையில் நீளும், முகம் திரும்பிய இடம் சுருங்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாண்டி வளர்ந்தான். பக்கத்து வீட்டுப் பாண்டி எப்படி இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தேவகிருபைக்குக் குழந்தைகள் இல்லை. அவள் பாண்டியைப் பார்த்தே ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது.

இப்படியிருக்கும்போதுதான் டாக்டர் சுமையா அவள் வீடு தேடி வந்தார். வடசென்னையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் எலும்பு டாக்டர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், காபி வேண்டாம் என்றார், தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

திரையில் பாண்டி. கைமேல் பாறாங்கல் விழுந்து கிடக்கிறது. அவன் சிரிக்கிறான். "வலியா? பாண்டிக்கு வலிக்காது!" என்கிறான். பல்லிடுக்கில் லேசாகச் சீறும் அந்த 'ச்' வரை தேவகிருபையின் குரல்.

"இத நான் பேசலியே," என்றாள் தேவகிருபை.

"தெரியும் மேடம். ஆனா எங்க வார்டுல பையங்க எல்லாரும் இதத்தான் பேசறாங்க."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். முழங்கை உடைந்து வரும் பிள்ளைகளுக்கு எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போடுவார்கள். சிலருக்குக் கட்டுக்குள் வீக்கம் கூடி ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை செத்துவிடும், விரல் மடங்கினது மடங்கினதுதான், அப்புறம் பேனாகூடப் பிடிக்க வராது. அதற்கு முதல் அடையாளம் வலி. தாங்க முடியாமல் கூடிக்கொண்டே போகும் வலி. குழந்தை சொன்னால் அந்த நிமிஷமே கட்டை வெட்டிவிடலாம்.

"ஊசி வச்சு அழுத்தம் பாக்க முடியும். ஆனா அதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். அறுபது புள்ளைங்க இருக்கற வார்டு. வாயத் திறந்து சொல்ற புள்ளயத்தான் மொதல்ல பாப்போம்." டாக்டர் போனை அணைத்தார். "இந்த வருஷம் நாலு பேருக்குக் கை போச்சு. நாலு பேரும் பையங்க. நாலு பேரும் கடைசிவரைக்கும் வலிக்கலன்னாங்க. ஒருத்தன் மயக்கம் போட்டு விழுந்தப்பறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

பெண் குழந்தைகளோ என்று தேவகிருபை கேட்டாள். அவர்கள் கத்தித் தீர்த்துவிடுகிறார்கள், ஒருத்திக்கும் கை போகவில்லை என்றார் டாக்டர். பாண்டி தன் வாயால் ஒரே ஒரு தடவை வலிக்கிறது என்று சொல்லவேண்டும், அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றார்.

தேவகிருபை அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. தான் சொல்லாத பொய் தன் தொண்டையிலிருந்து போய் நாலு பிள்ளைகளின் கையை வாங்கியிருக்கிறது.

மறுநாள் காலை நிறுவனத்துக்குப் போனாள். கதைப் பிரிவின் தலைவர் இளம்பரிதி அவளைக் கண்டதும் எழுந்து வந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்பத்தொன்றையும் பதிவு செய்த ஒலிப்பதிவாளர் அவர்தான். இப்போது தலை பாதி நரைத்து, கண்ணாடிக் கதவு வைத்த அறையும் வந்திருந்தது. அக்கா என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை.

பாண்டியிடமிருந்து அழுகையை யார் எடுத்தது என்று நின்றவாக்கிலேயே கேட்டாள்.

"யாரும் எடுக்கலக்கா. அதுவா போயிடுச்சு." அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாண்டி அழுவுற எடத்துல பையங்க மொகத்தத் திருப்பிடறாங்க. திருப்பினா புடிக்கலன்னு அர்த்தம். புடிக்காதத மெஷின் கொறைக்கும். எட்டு மாசத்துல பையங்க இருக்கற வீட்ல அழுக சுத்தமா நின்னுபோச்சு. அப்பறம் பயம் போச்சு. அப்பறம் உதவி கேக்கறது போச்சு."

"சோழி?"

"ஆடு செத்தாதானே அழுவணும்? அதனால சாவாம பாத்துக்கிச்சு. அப்பறம் ஆட்டுக்கே வேல இல்லாமப் போச்சு. இப்ப பையங்க வீட்ல ஆடே கெடையாதுக்கா." அவருக்கே அது சொல்லக் கூச்சமாக இருந்தது. "பொண்ணுங்க வீட்ல இன்னும் இருக்கு. அங்க பாண்டி இன்னிக்கும் அழுவறான். அதுங்க கண்ண எடுக்காமப் பாக்குதுங்க."

பையன்கள் முகம் திருப்புவதைத் தான் பார்க்கவேண்டும் என்றாள் தேவகிருபை. அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். முகம் மட்டும்தான் தெரிந்தது. வீட்டின் அந்தரங்கம் வெளியே போகக்கூடாது என்று குழந்தையின் முகத்தைத் தவிர மற்றதெல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. வெள்ளை வெளியில் மிதக்கும் சின்ன முகங்கள். பாண்டியின் அழுகை தொடங்குகிறது, கண் விரிகிறது, உதடு லேசாகத் துடிக்கிறது, பிறகு முகம் பக்கவாட்டில் திரும்புகிறது. பத்தாவது முகத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். முப்பது வருஷம் திரையில் அசைகிற உதட்டைப் பார்த்தே பேசிப் பிழைத்தவள் அவள். முகம் என்ன சொல்கிறது என்பதில் அவளை ஏமாற்ற முடியாது.

"தம்பி, இது புடிக்காத மொகம் இல்ல. புடிக்கலன்னா கண்ணு அலையும். இதுங்க கண்ணு எங்கயோ போய் நிக்குது பாருங்க. எல்லாம் கொஞ்சம் மேல. யாரையோ பாக்குதுங்க."

இளம்பரிதி அந்த முகங்களை மறுபடி ஒருமுறை ஓடவிட்டார். பிறகு மெதுவாக, அழிக்காத படங்கள் இருபது இருக்கின்றன என்றார். முதன்முதலில் பரீட்சித்துப் பார்த்தது இங்கே வேலை பார்ப்பவர்களின் வீடுகளில்தான். அவற்றில் அறை முழுவதும் தெரியும். அவற்றையும் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துத்தான் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். முழுப் படத்தை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பார்த்தார்கள். முதல் வீட்டில் பையன் திரும்பியது சோபாவின் பக்கம். அங்கே அப்பா. இரண்டாம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அப்பா. மூன்றாம் வீட்டில் சித்தப்பா. யாரும் திட்டவில்லை, ஒருவர்கூட. ஒருவர் சிரித்தார். ஒருவர் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தைத் தாண்டவைத்தார். மற்றவர்களெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் இரண்டு மூன்று விநாடி காத்திருக்கிறான், ஒன்றும் வரவில்லை, திரைக்குத் திரும்புகிறான். திரும்பி வரும் முகத்தில் உதடு இறுகியிருக்கிறது. ஒரு வீட்டில் யாருமே இல்லை. அந்தப் பையன் வாசற்கதவைப் பார்த்தான்.

ஆண்பிள்ளை அழலாமா என்று அந்தப் பையன்கள் கண்ணாலேயே கேட்டிருக்கிறார்கள். அதைச் சலிப்பு என்று எழுதிவைத்தோம் என்பது இளம்பரிதிக்கு அப்போது விளங்கியது.

பதினேழாவது படத்தை அவர் போடத் தயங்கினார். பிறகு போட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற ஏழு வயதுப் பையன் அவருடைய மகன் நித்திலன். சோபாவில் இருந்தது அவர். கையில் போன், அதில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதே பாண்டியின் புள்ளிவிவரமாகக்கூட இருந்திருக்கலாம். நித்திலன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். மூன்று விநாடி. நாலு விநாடி. மற்றவர்களைவிட இவன் அதிக நேரம் காத்திருந்தான். அப்பா நிமிரவில்லை.

"இப்ப அவனுக்குப் பதினஞ்சுக்கா," என்றார் இளம்பரிதி. "சாப்டியாடான்னா ம்ங்கறான். அதுக்குமேல எங்கிட்ட ஒண்ணும் பேசறதில்ல. வயசு அப்படின்னு நெனச்சிட்டிருந்தேன்."

தேவகிருபைக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கூட வருகிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

மத்தியான வெயில் வார்டின் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் சுமையா அவர்களை ஏழாம் கட்டிலுக்கு அழைத்துப் போனார். அகரன், வயது ஏழு. சறுக்கு மரத்திலிருந்து விழுந்தவன். காலையில்தான் கட்டு போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது வலி இல்லை என்றான். விரலில் கொஞ்சம் வீக்கம் இருந்தது, அது எல்லோருக்கும் இருப்பதுதான். டாக்டரை யாரோ ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் அவனிடம் பேசிக்கொண்டிருங்கள் என்று போய்விட்டார்.

பையனின் பக்கத்தில் ஸ்டூலில் அப்பா தயாளன். கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவர். பெரிய உடம்பு. வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.

தேவகிருபை செருப்பைக் கழற்றினாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு குதிகாலை உயர்த்தினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் அகரா, பாண்டி வந்திருக்கேன்."

பையன் முதலில் போனைத் தேடினான். பிறகு அவள் வாயையே பார்த்தான். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, காட்டன் சேலை. அவனுக்கு வியப்பாக இருந்ததே தவிர நம்பாமல் இல்லை. நீங்கள் பாண்டியின் அம்மாவா என்று மரியாதையாகக் கேட்டான்.

"இல்லடா. நான்தான் பாண்டி. அன்னிக்கு என் கைமேல பாறை விழுந்துதே, நீகூடப் பாத்தியே. அப்ப வலிக்கலன்னு சொன்னேன்ல. அது பொய்டா. எனக்கு ரொம்ப வலிச்சுது."

அகரனின் கண் விரிந்தது. உதடு லேசாகத் துடித்தது. பிறகு முகம் பக்கவாட்டில் திரும்பி அப்பாவிடம் போய் நின்றது.

தேவகிருபையிடம் நாற்பத்தொரு அழுகை இருந்தது. அதில் எதைப் போட்டாலும் இனி பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பாண்டி எவ்வளவு அழுதாலும் பையன் கேட்கப்போவது அந்த ஸ்டூலில்தான். தயாளன் ஒன்றும் புரியாமல் விழித்தார். பையனைப் பார்த்து ஆறுதலாகச் சிரிக்கப் போனார். ஒரு விநாடி ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

இளம்பரிதி குனிந்து அவர் காதருகில் பேசினார். "அண்ணே, சிரிச்சிறாதீங்க. அவன் உங்களத்தான் கேக்கறான். உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதுன்னா அவங்கிட்ட சொல்லுங்க."

தயாளன் தலை குனிந்துகொண்டார். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள், நர்ஸ் இருந்தாள், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் இருந்தாள். இத்தனை பேர் முன்னால் வலியைச் சொல்வது, அந்த மனிதர் தூக்கியதிலேயே கனமான மூட்டையாகத்தான் இருக்கவேண்டும்.

"நைனாக்குத் தோள்பட்ட வலிக்கும்டா," என்றார் கடைசியில். "மூணு வருசமாவே. ராவுல திரும்பிப் படுக்க முடியாது. உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல."

அகரன் அவர் தோளைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"எனக்கும் வலிக்குது நைனா. சோறு துன்னதுலேர்ந்து வலிக்குது. ரொம்ப வலிக்குது நைனா." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. வாயைத் திறந்து அழுதான். வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அழுதான்.

நர்ஸ் ஓடினாள். டாக்டர் சுமையா வந்து விரலை நீட்டிப் பார்த்தார், கட்டை வெட்டினார், அப்படியே தியேட்டருக்குள் கொண்டுபோனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, தசைக்கு உயிர் இருக்கிறது, கை பிழைத்தது என்றார். தயாளன் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் அழுகிறார் என்பதை அவரே கவனிக்கவில்லை. இளம்பரிதி படிக்கட்டில் போய் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டார். மறுமுனையில் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தாலும் தேவகிருபை தூத்துக்குடிக்குப் பேசினாள். ஜெபசிங் எடுத்தவுடன் என்னக்கா, அங்கே மழையா என்றான். மழை இல்லை என்றாள் அவள்.

"டே, அப்பா செத்த அன்னைக்கு நீ அழுதிருக்கலாம்டே. மாமாக்க சொன்னது தப்பு. நானும் பக்கத்துலதான நின்னேன், ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஜெபசிங் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, இங்கே மழை வரும்போல இருக்கு என்றான். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாகக் கசிவது, நாற்பத்தொன்றாவது. அவள் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிறுவனத்தில் கூட்டம் நடந்தது. பையன்கள் வீட்டுப் பாண்டிக்குச் சோழியும் அழுகையும் திருப்பிக் கொடுக்கப்பட்டன, நானூறு வீடுகளில் மட்டும், சோதனையாக. எதிர்பார்த்தபடியே பையன்கள் முகத்தைத் திருப்பினார்கள். அழுகையை மறுபடி எடுத்துவிடலாம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். இளம்பரிதி எடுக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தார். அந்த அரை நிமிஷத்தில் பையன் முகத்தைத் திருப்பினால் பாண்டி காத்திருப்பான். கண்ணில் நீரோடு, குழியின் விளிம்பில், சத்தமில்லாமல். பையன் திரையைப் பார்க்கத் திரும்பும்வரை கதை நகராது.

பையன் திரும்பினாலும், இறுகிய உதட்டோடு திரும்பினால் பாண்டி இன்னும் கொஞ்சம் காத்திருப்பான் என்பதையும் அவர் சேர்த்திருந்தார். அதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை.

முதல் வாரத்திலேயே புகார்கள் வந்து குவிந்தன. படம் நின்றுபோகிறது, பொம்மை அழுதபடி அப்படியே இருக்கிறது, வீட்டில் திடீரென்று சத்தமே இல்லை, என்ன கோளாறு என்று கேட்டார்கள். கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். சத்தம் நின்ற பிறகுதான் அவர்கள் போனிலிருந்து நிமிர்ந்திருக்கிறார்கள். நிமிர்ந்தவர்கள் முதலில் டிவியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

புகார் எண்ணுக்கு ஒரு பதில் பதிவு செய்யவேண்டும் என்று இளம்பரிதி தேவகிருபையைக் கூப்பிட்டார். அதே அறை. அதே மைக். ஏசியை அணைத்தார்கள். ஒரு தாளில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் குதிகாலை உயர்த்தப் போனாள்.

பாண்டியின் குரலில் வேண்டாம், உங்கள் குரலிலேயே பேசுங்கள் அக்கா என்றார் அவர்.

தேவகிருபை பாதத்தைத் தரையில் ஊன்றி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பக்கத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உயரமாக, மீசை அரும்பிய ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தமுறை அப்பாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பேசினாள்.

"ஐயா, படம் நிக்கல. கொஞ்சம் திரும்பிப் பாருங்க, உங்க புள்ள உங்களத்தான் பாத்துட்டிருக்கான்."